கொடைக்கானல் மலையின் சூரியக் காமிரா

பழைய காமிரா ஒன்றை எவ்வளவு தூரம் நம்பலாம்? வீட்டு அலமாரியில் தோலுறைக்குள் கிடக்கும் காமிராவைப் பற்றி இக்கேள்வி எழுமாயின் விடை காண்பது எளிது. பிலிம் சுருள் ஒன்றை வாங்கிப் போட்டு எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் சூரியன் நூறாண்டுக் காலத்தில் ஏதேனும் மாறுதல் அடைந்திருக்கிறதா என்று அறிய முற்படும் விஞ்ஞானியின் நிலை வேறு. 1920ஆம் ஆண்டில் எடுத்த படத்தையும் 2000ஆம் ஆண்டில் எடுத்த படத்தையும் அருகருகே வைத்து அவர் ஒப்பிட வேண்டியிருக்கிறது. இரண்டிற்கும் வேறுபாடு காணப்பட்டால், மாறியது சூரியனா, காமிராவா, அல்லது காமிராவை இயக்கிய மனிதரின் கைப்பழக்கமா என்பதை அவர் தீர்மானித்தாக வேண்டும். இத்தகைய கேள்வியை நாள்தோறும் எதிர்கொள்ளும் ஆராய்ச்சியாளர்கள் பெங்களூருவில், கோரமங்கலாவிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் இருக்கிறார்கள். அவர்கள் ஆராயும் படங்களோ பழனி மலைத் தொடரில், கொடைக்கானலில் எடுக்கப்பட்டவை.

கொடைக்கானல் என்றதும் ஏரியும், மூடுபனியும், பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை பூக்கும் குறிஞ்சியும் நம் நினைவுக்கு வருகின்றன. அவ்வூரின் மேற்புறத்தில், கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 2,343 மீட்டர் உயரத்தில் நிற்கும் வானாராய்ச்சி நிலையத்தை எட்டிப் பார்ப்பவர் சிலரே. இந்நிலையம் தோன்றியதற்குப் பின்னணியாக நின்றது ஒரு பெருந்துயரம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். மழை பொய்ப்பதற்கும் சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் தொடர்பு உண்டோ என்ற ஐயம் அக்காலத்து அறிஞர் பலருக்கு இருந்தது. அத்தொடர்பை அறிந்துகொண்டால் பஞ்சத்தை முன்கூட்டியே உணரலாமே என்பது அவர்கள் எண்ணம். சூரியனை இடைவிடாது நோக்குவதற்கென ஒரு நிலையம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் பணி மலைமேல் மாற்றப்பட்டு, 1899ஆம் ஆண்டில் மிச்சி ஸ்மித் என்பவரின் தலைமையில் கொடைக்கானல் நிலையம் தொடங்கியது. புள்ளிகளைக் கொண்டு பருவமழையைக் கணித்துச் சொல்லும் நம்பிக்கை நிறைவேறவில்லை. ஆனால் அந்த நம்பிக்கை வைத்துவிட்டுச் சென்ற காமிரா நின்றுவிடவில்லை. 1904 முதல் கொடைக்கானலில் நாள்தோறும் சூரியன் படமெடுக்கப்பட்டு வந்திருக்கிறது.

காமிரா என்பது எவ்வளவு பெரிதாயினும் மூன்றே உறுப்புகளைக் கொண்டது: ஒளியைக் குவிக்கும் லென்ஸ், ஒளியை அளந்து விடும் ஷட்டர், ஒளிபட்டு மாறும் தட்டு அல்லது பிலிம். நம் வீட்டுப் பெட்டிக் காமிராவிற்கும் சூரியக் காமிராவிற்கும் இதில் வேறுபாடு இல்லை. வேறுபாடு அளவில் இருக்கிறது. லென்ஸின் குவிதூரம் எத்துணையோ, அதில் ஏறக்குறைய நூற்றேழில் ஒரு பங்கே சூரிய பிம்பத்தின் விட்டம் ஆகும். ஐம்பது மில்லிமீட்டர் குவிதூரமுள்ள சாதாரணக் காமிராவில் சூரியன் அரை மில்லிமீட்டர்ப் பொட்டாக விழுகிறது. இருபது சென்டிமீட்டர் விட்டமுள்ள பிம்பம் வேண்டுமென்றால் இருபத்தொரு மீட்டருக்கு மேற்பட்ட குவிதூரம் தேவை. அவ்வளவு நீளக் குழாயை வானில் திருப்பிக்கொண்டிருக்க இயலாது. ஆகையால் முதல் லென்ஸ் அமைக்கும் சிறு பிம்பத்தை மற்றொரு லென்ஸினால் பெரிதாக்கித் தட்டின்மேல் விழச் செய்கிறார்கள். கொடைக்கானலில் 1918ஆம் ஆண்டில் பொருத்தப்பட்ட பதினைந்து சென்டிமீட்டர் லென்ஸே அதன் பின்னர் பல தலைமுறைகளாக வெண்ணொளிப் படங்களுக்குப் பயன்பட்டு வந்தது. பிம்பம் ஏறக்குறைய இருபது சென்டிமீட்டர் அகலமுடையது.

இந்த அளவில், படத்தின் ஒரு மில்லிமீட்டர் சூரியனில் ஏறக்குறைய 7,000 கிலோமீட்டரைக் குறிக்கும். நம் பூமியை அங்கே கொண்டுபோய் வைத்தால் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு புள்ளியாகத்தான் தெரியும். 1947ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தோன்றிய கரும்புள்ளிக் கூட்டமே இதுவரை அளக்கப்பட்டவற்றுள் மிகப் பெரியது. அது சூரியனின் காணக்கூடிய பாதிப்பரப்பில் பத்து இலட்சத்தில் ஆறாயிரம் பங்கிற்கு மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. இருபது சென்டிமீட்டர்ப் படத்தில் அத்தகைய கூட்டம் நடுவில் இருக்குமாயின் நாலு சதுர சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான பரப்பை மறைக்கும். பெரும்பாலான புள்ளிகள் இதைவிட எத்தனையோ மடங்கு சிறியவை. ஒரு தூசித் துகளின் அளவே உடையவையும் பல. தொல்லை இங்கேதான் தொடங்குகிறது.

சாதாரணக் காமிராக்காரர் ஒளி போதவில்லையே என்று வருந்துவார். சூரியக் காமிராக்காரருக்கு ஒளி மிகுதியே பகை. ஆகையால் இவ்வகைக் கருவிகளில் ஒரு மெல்லிய பிளவு வில்லின் விசையால் ஒளியின் குறுக்கே பாய்ந்து செல்லும்படி ஷட்டர் அமைக்கப்பட்டிருக்கும். ஒளி மிகுந்திருப்பதால் வேகம் குறைந்த, நுண்மையான மணிகளையுடைய, கருப்பு வெள்ளை வேறுபாட்டை அழுத்திக் காட்டும் தட்டுகளையே பயன்படுத்தலாம். 1975ஆம் ஆண்டு வரை கொடைக்கானலின் வெண்ணொளிப் படங்கள் 25.4 சென்டிமீட்டர், அதாவது பத்து அங்குலச் சதுரக் கண்ணாடித் தட்டுகளில் எடுக்கப்பட்டன. அதன் பின்னர் பிலிம் வந்தது. கனமானதும் எளிதில் உடைவதுமான கண்ணாடியை அவ்வளவு காலம் ஏன் விடாமல் வைத்திருந்தார்கள் என்று ஆசிரியர்கள் வினவக்கூடும். பிலிம் ஈரத்தில் நீளும், உலர்ந்தால் சுருங்கும். கண்ணாடி அவ்வாறு செய்யாது. படத்தை அளவுகோலின்கீழ் வைத்து அளப்பவருக்கு இது பெரிய வேறுபாடு. நில அளவைக்கான விமானப் படங்களிலும் இதே காரணத்திற்காகக் கண்ணாடித் தட்டுகள் நெடுங்காலம் கையாளப்பட்டன.

நாள்தோறும் நடைபெறும் பணி பார்வைக்கு எளியது. சூரியன் எழுந்து சற்று நேரத்திற்குள் படம் எடுத்துவிட வேண்டும். வெயில் ஏற ஏறத் தரை சூடேறி, தார்ச் சாலைமேல் காற்று நெளிவதுபோல் நெளியத் தொடங்கும். பிம்பத்தின் விளிம்பு கொதிநீர்போல் துடிக்கும். சிறு புள்ளிகள் கலங்கி மறையும். ஆகையால் தட்டை முன்னதாகவே இருட்டறையில் செந்நிற விளக்கொளியில் உறையிலிட்டு, மாடத்தைத் திறந்து, பிம்பத்தைக் கூர்மைப்படுத்தி, காற்று ஓய்ந்த கணத்தை நோக்கிக் காத்திருந்து ஷட்டரை விடுவிப்பார்கள். பிறகு டெவலப்பர், தண்ணீர், ஹைப்போ, நீண்ட நேரக் கழுவல், உலர்த்தல். சமவெளியில் கோடைக் காலத்தில் டெவலப்பர் சூடேறி, தட்டின் மேற்பூச்சாகிய ஜெலட்டின் இளகிச் சுருக்கம் விழுவது உண்டு. மலைக்குளிர் இந்த இடரைப் பெரிதும் நீக்கியது. ஹைப்போவைச் சரியாகக் கழுவாது விட்டால் அப்பொழுது ஒன்றும் தெரியாது. பத்து ஆண்டு, இருபது ஆண்டு கழித்துப் படம் மஞ்சளித்து மங்கும். இன்று பெட்டிகளிலிருந்து எடுக்கப்படும் தட்டுகளின் தெளிவு, அன்று ஒருவர் அவற்றை அரை மணி கூடுதலாகக் கழுவினாரா என்பதைப் பொறுத்திருக்கிறது. அவருடைய பெயர் எந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலும் இராது.

மலைமேல் மேகம் நிலையான விருந்தாளி. பருவமழை மாதங்களில் தொடர்ந்து பல நாட்கள் சூரியன் தென்படாமலே போவதுண்டு. ஆகையால் உலக வானாராய்ச்சி நிலையங்கள் ஒன்றுக்கொன்று இடைவெளியை நிரப்பிக்கொண்டன. இங்கிலாந்திலுள்ள கிரீன்விச் நிலையம் 1874 முதல் 1976 வரை கரும்புள்ளிகளை அளந்து வெளியிட்டு வந்தது. அங்கே மேகம் சூழ்ந்த நாட்களுக்கு டேராடூன், மொரீஷியஸ், நன்னம்பிக்கை முனை, கொடைக்கானல் முதலிய இடங்களின் படங்கள் துணை செய்தன.

வெண்ணொளிக் காமிராவிற்கு அடுத்து அங்கே இன்னும் விசித்திரமான ஒரு காமிரா இருக்கிறது. அதனை ஸ்பெக்ட்ரோஹீலியோகிராப் என்பர். சூரிய ஒளியை நிறமாலையாகப் பிரித்து, அதில் ஒரே ஒரு நிறத்தின் மெல்லிய கீற்றை மட்டும் பிடித்துப் படமாக்குவது இதன் வேலை. நாற்பத்தாறு சென்டிமீட்டர்க் கண்ணாடியொன்று சூரியனைப் பின்தொடர்ந்து திரும்பி, ஒளியை முப்பது சென்டிமீட்டர் லென்ஸுக்கு அனுப்பும். அறுபது மில்லிமீட்டர் அகலமுள்ள பிம்பம் ஒரு பிளவின்மேல் விழும். பிளவு பிம்பத்தைக் கோடு கோடாகத் தடவிச் செல்லச் செல்ல, தட்டில் முழுச் சூரியனும் கால்சியம் ஆவியின் ஊதா ஒளியில் மட்டுமே உருவாகும். வெண்ணொளியில் தெரியாத பிரகாசத் திட்டுகள் இதில் வலைப்பின்னல்போல் தெரியும். கால்சியப் படங்கள் 1904இலும், ஹைட்ரஜனின் செவ்வொளிப் படங்கள் சில ஆண்டுகள் கழித்தும் தொடங்கின. கால்சியப் படங்கள் 2007 வரை புகைப்பட முறையிலேயே எடுக்கப்பட்டன. ஒரே ஒளியமைப்பில் நூறாண்டைக் கடந்த இத்தகைய தொடர்ச்சி உலகில் மிக அரிது. இதே கால்சிய ஒளியில் அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் 1915இல் தொடங்கிய தொடர் 1985இல் நின்றுபோயிற்று.

இந்நிலையத்தில் 1909ஆம் ஆண்டு ஜனவரியில் ஜான் எவர்ஷெட், புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை நிறமாலைத் தட்டுகளிலிருந்து கண்டறிந்தார். எவர்ஷெட் விளைவு என்று பாடநூல்களில் வழங்குவது அதுவே. கண்டுபிடிப்பு ஓரிரு நாட்களின் தட்டுகளில் கிடைத்தது. ஆனால் நாம் பேசிக்கொண்டிருக்கும் நம்பகத்தன்மை ஓரிரு நாட்களில் கிடைப்பதன்று.

மேலே கேட்ட கேள்விக்குத் திரும்புவோம். இக்காமிராக்களிடம் குறைகள் இல்லையா? ஏராளம் உண்டு. தட்டின் ஒரு பக்கம் கருத்தும் மறுபக்கம் வெளுத்தும் இருக்கும். கீறல்கள் விழுந்திருக்கும். பிளவில் ஒரு துகள் ஒட்டியிருந்தால் அது படம் முழுவதும் ஒரு கோடாக நீளும். திரும்பும் கண்ணாடியின் வழியாக வரும் பிம்பம் காலை முதல் மாலை வரை மெல்லச் சுழல்கிறது. ஆகையால் படம் எடுத்த மணியைத் தவறாக எழுதிவிட்டால் சூரியனின் வடக்கு எது என்பதே பிழையாகிவிடும். வடக்கு தவறினால் புள்ளியின் அட்சரேகை தவறும். அட்சரேகை தவறினால் சூரியச் சுழற்சிக் கணக்கு தவறும். கண்ணாடியோ லென்ஸோ செய்யாத கேட்டை, மணியை எழுதிய பேனா செய்துவிடக்கூடும்.

இவற்றையெல்லாம் ஆராய்வதற்கு முதற்படி, தட்டுகளைக் கணிப்பொறிக்கு உரிய எண்களாக மாற்றுதல். இதற்கென ஒரு மீட்டர் விட்டமுள்ள உட்புறம் வெண்மை பூசிய கோளம் ஒன்று பயன்படுத்தப்பட்டது. உள்ளே ஏற்றிய விளக்கின் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறி, வாயின் வழியே சிறிதும் ஏற்றத்தாழ்வின்றி வெளிவருகிறது. அதன்மேல் தட்டை வைத்து, பக்கத்திற்கு 4,096 புள்ளிகளையுடைய, அதாவது மொத்தம் ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சம் புள்ளிகளையுடைய மின்னணுக் காமிராவினால் படமெடுத்தார்கள். பழைய காமிராவின் படத்தைப் புதிய காமிரா படமெடுக்கிறது. புதியது தன் குறையைப் பழையதன்மேல் ஏற்றிவிடக் கூடாதே என்பதற்காகவே அந்த வெண்கோளம். இவ்வாறு உருவான படங்கள் இன்று எந்நாட்டவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வைக்கப்பட்டுள்ளன.

இனித் தூசியையும் புள்ளியையும் பிரித்தறிதல். ஒரு தட்டை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல இயலாத இடங்கள் உண்டு. மறுநாள் தட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். பூமியிலிருந்து நோக்குகையில் சூரியன் ஏறக்குறைய இருபத்தேழு நாட்களில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. ஆகவே நடுவில் உள்ள ஒரு புள்ளி மறுநாள் அதே நேரத்தில் இருபது சென்டிமீட்டர்ப் படத்தில் இரண்டேகால் சென்டிமீட்டருக்குச் சற்று மிகையாக மேற்கே நகர்ந்திருக்கும். தூசி நகராது. லென்ஸில் ஒட்டியதாயின் அதே இடத்தில் நிற்கும். தட்டில் ஒட்டியதாயின் மறுநாள் காணவே காணாது. அன்றாடம் தவறாமல் எடுப்பதன் பயன் இதுதான். ஒரு நாளின் படத்திற்கு அடுத்த நாளின் படம் சாட்சி சொல்கிறது.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இங்கே ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஒளி படவிடும் கால அளவிற்கு நம் அலுவலகங்களில் ‘வெளிப்பாடு’, ‘ஒளிபடு நேரம்’, ‘திறப்பு நேரம்’ என மூன்று சொற்கள் உலவுகின்றன. இருட்டறையில் வேலை செய்த முதியவர் ஒருவரிடம் எதை வழங்குவீர்கள் என்று கேட்டேன். ‘எக்ஸ்போஷர்தான், வேறென்ன?’ என்றார். அவர் சொன்னதையே இக்கட்டுரையில் பின்பற்ற எண்ணினேன். பிறகு அச்சொல்லே தேவைப்படாதபடி எழுதிவிட்டேன்.

என் தந்தையார் நீர்ப்பாசனப் பணியில் களப் பணியாளராக இருந்தவர். ஒரு சுருளில் பன்னிரண்டு படம் எடுக்கும் எளிய பெட்டிக் காமிரா ஒன்று அவரிடம் இருந்தது. ஓசூர்ப் பக்கத்து ஏரி ஒன்றின் கலிங்கை, கரையிலுள்ள ஒரே கல்லின்மேல் காமிராவை வைத்து, ஆண்டுதோறும் தை மாதத்தில் படமெடுப்பது அவர் வழக்கம். ஷட்டரின் வில் தளர்ந்திருந்தமையால் எல்லாப் படங்களும் வெளுத்தே இருந்தன. நான் பள்ளி மாணவனாக இருந்தபொழுது அதைப் பற்றிக் குறை கூறினேன். ‘எல்லாம் ஒரே மாதிரி வெளுத்திருக்கிறதா இல்லையா, அதைப் பார்’ என்றார். ஓராண்டு அவர் வில்லை மாற்றினார். அவ்வாண்டுப் படத்தின் பின்புறத்தில் ‘ஷட்டர் பழுது பார்த்தது’ என்று தேதியுடன் எழுதி வைத்தார். கலிங்கின் அடிக்கல் பெயர்ந்து வந்ததை மேலதிகாரிக்குக் காட்டியது அப்படங்களின் வரிசையே. தனித்த எந்தப் படமும் அதைக் காட்டியிராது. கொடைக்கானலைப் பற்றி மொழிபெயர்க்க நேர்ந்தபொழுது, அங்கும் 1918ஆம் ஆண்டின் லென்ஸ் மாற்றம் தேதியுடன் பதிவாகியிருப்பதைக் கண்டு அவரை நினைத்துக்கொண்டேன்.

பழைய பிலிம் காமிராவை இன்றும் களத்தில் கையாள்வோர் சிலர் இருக்கின்றனர். அவர்களுக்குச் சில குறிப்புகள். தோலுறையில் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு லென்ஸில் பூஞ்சணத்தை வளர்க்கும். இறுகிய மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைப்பதே நலம். ஷட்டரை மாதம் ஒருமுறையேனும் எல்லா வேகத்திலும் இயக்குங்கள். எண்ணெய் பிசுபிசுத்துப் போனால் முதலில் தடுமாறுவது குறைந்த வேகங்களே. ஷட்டரின் உண்மை வேகத்தை அறியப் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. நொடிக்கு 240 படம் எடுக்கும் கைப்பேசியால், பின்மூடியைத் திறந்து வைத்து ஷட்டர் திறந்து மூடுவதைப் பதிவு செய்யுங்கள். முப்பதில் ஒரு நொடி என்று பொறித்திருக்கும் வேகத்தில் எட்டுப் படங்களில் ஷட்டர் திறந்து தெரிய வேண்டும். பதினாறில் தெரிந்தால் அது உண்மையில் பதினைந்தில் ஒரு நொடி. அதை ஒரு சீட்டில் எழுதிக் காமிராவின் அடியில் ஒட்டிவிட்டால் அந்தக் காமிரா மீண்டும் நம்பத்தக்கதாகிவிடும். துருத்தி மடிப்புள்ள காமிராவாயின் இருட்டில் உள்ளே கைவிளக்கை ஏற்றி, மடிப்பு மூலைகளில் ஒளிக்கசிவு உண்டா என்று பாருங்கள். சூரியனை மட்டும் எக்காரணம் கொண்டும் காமிராவின் நோக்குத்துளை வழியாகப் பார்க்கலாகாது.

காமிரா உழைத்தாலும் பிலிம் கிடைக்காமற் போயிற்று. உலகெங்கும் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக நின்றன. 1960ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு, 1967 முதல் உற்பத்தி செய்து, ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் விற்ற உதகமண்டலத்து அரசுத் தொழிற்சாலையும் மூடப்பட்டுவிட்டது. கொடைக்கானலில் 2008ஆம் ஆண்டில் இரட்டைத் தொலைநோக்கி ஒன்று நிறுவப்பட்டது. அதன் ஒரு குழாய் வெண்ணொளியிலும் மற்றொன்று கால்சிய ஒளியிலும் மின்னணு முறையில் படமெடுக்கிறது. வெண்ணொளிப் பிலிம் அதன் பின்னும் சில ஆண்டுகள் உடன் ஓடியது. அந்தச் சில ஆண்டுகள் மிக மதிப்புள்ளவை. பழையதும் புதியதும் ஒரே நாளில் ஒரே சூரியனைப் பார்த்தால்தான் ஒன்றின் அளவை மற்றொன்றின் அளவாக மாற்ற முடியும். பழையதை நிறுத்திய மறுநாள் புதியதைத் தொடங்கினால், இரண்டிற்கும் இடையே எப்பொழுதும் ஒரு சந்தேகம் நிற்கும்.

பள்ளிகளில் இத்தகைய பதிவைத் தொடங்குவது இயலாத காரியமன்று. சிறு தொலைநோக்கி அல்லது பைனாகுலரின் ஒரு கண்ணை முக்காலியில் நிறுத்தி, மறு கண்ணை மூடியிட்டு அடைத்து, சூரிய பிம்பத்தைப் பின்னால் வைத்த வெள்ளைத் தாளில் விழச் செய்யுங்கள். தாளில் பதினைந்து சென்டிமீட்டர் வட்டம் ஒன்றை முன்னதாக வரைந்து, தாளை முன்பின் நகர்த்தி, பிம்பம் வட்டத்தோடு பொருந்துமாறு செய்ய வேண்டும். குழாயின் வழியே எந்த மாணவரும் நோக்காதபடி ஆசிரியர் அருகிலேயே நிற்க வேண்டும். கண் பார்வை இழக்க ஒரு கணம் போதும். பிளாஸ்டிக் உறுப்புகள் உருகக்கூடுமாதலால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கருவியைத் திருப்பிவிடுக. தென்படும் புள்ளிகளைப் பென்சிலால் குறித்து, தாளைச் சிறிது அசைத்துப் பாருங்கள். தாளோடு அசைபவை தாளின் அழுக்கு. அசையாதவற்றுள் கண்ணாடித் தூசியும் இருக்கலாமாதலால், மறுநாள் குறிப்பைப் பார்த்த பின்னரே புள்ளி என்று உறுதி செய்க. தாளின் ஓரத்தில் தேதியும் மணியும் எழுதப்பட வேண்டும். மேகம் மூடிய நாளில் வெறும் வட்டத்தின் நடுவே ‘மேகம்’ என்று எழுதி, அத்தாளையும் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.